மூன்று நாள் ஊரில் ஐந்து வருடப் படிப்பு!

விமானம் தரை இறங்குகிறது. பயணிகள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். நிலையத்துக்குள் காலடி வைத்ததும் காதில் விழும் சத்தம் எது தெரியுமா?

சூதாட்ட யந்திரங்களின் 'கிணிங், கிணிங்' சத்தம்!

பெட்டி வந்து சேருவதற்குள் காசைத் தோற்றுவிடலாம். அதற்கு விமான நிலையத்திலேயே வசதி செய்து வைத்திருக்கிறார்கள்.

அதுதான் லாஸ் வேகாஸ்!

அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் இருக்கிறது, இந்தப் பட்டணம். நாலு பக்கமும் பாலைவனம். நடுவில் கண்ணைப் பறிக்கும் விளக்குகள். 2024-ம் ஆண்டில் மட்டும் 4 கோடிக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இங்கே வந்து போனார்கள். ஊரையும் சுற்று வட்டாரத்தையும் சேர்த்தாலும், குடியிருப்பவர்கள் சுமார் 23 லட்சம் பேர்தான்.

வருகிறவர்கள் மூன்று நாள், நாலு நாள் தங்குவார்கள். ஆடுவார்கள், பாடுவார்கள், பணத்தை விடுவார்கள். பிறகு ஊர் திரும்பிவிடுவார்கள்.

ஆனால், ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் அந்தக் கூட்டத்தில் சிலர் மட்டும் பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பெட்டிக்குள்ளே துணிமணி, சான்றிதழ்கள். இந்திய மாணவராக இருந்தால் ஒரு பிரஷர் குக்கரும் இருக்கும். திரும்பிப் போவதற்கு அவர்களிடம் டிக்கெட் இருக்காது.

அவர்கள் ஆட வந்தவர்கள் அல்ல. மேல்படிப்புப் படிக்க வந்தவர்கள். எம்.எஸ். என்றால் இரண்டு வருடம். பி.எச்டி. என்றால் ஐந்து வருடம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

"லாஸ் வேகாசில் படிப்பா?" என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. வீட்டில் அம்மாவுக்கு அடிவயிறு கலங்கும். "அந்த ஊருக்கா போகிறாய்?" என்று அப்பா முகத்தைப் பார்ப்பார்.

வந்து போகிறவருக்கு ஒரு லாஸ் வேகாஸ். வந்து வாழ்கிறவருக்கு வேறொரு லாஸ் வேகாஸ். அந்த இரண்டாவது ஊரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிற மாணவர் பிழைத்துக்கொள்வார். முதல் ஊரிலேயே நின்றுவிடுகிறவர் பாடு கஷ்டம்தான்.

சொர்க்கத்தில் கல்லூரி

பெரிய பெரிய சூதாட்ட மாளிகைகள் எல்லாம் ஒரே சாலையில் இருக்கின்றன. சுமார் 4 மைல் நீளமுள்ள அந்தச் சாலைக்கு 'ஸ்டிரிப்' என்று பெயர். அதிலிருந்து கிழக்கே சுமார் 1½ மைல் போனால் பல்கலைக்கழகம் வந்துவிடும். நெவாடா பல்கலைக்கழகம், லாஸ் வேகாஸ் என்பது அதன் முழுப் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மாளிகைகளில் பெரும்பாலானவை லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள் இல்லை! பல்கலைக்கழகமும் இல்லை! இரண்டும் இருப்பது பக்கத்தில் உள்ள 'பாரடைஸ்' என்ற ஊரில். நகர சபைக்கு வரி கட்டுவதைத் தவிர்க்க, 1950-ல் மாளிகைக்காரர்கள் முயன்று உண்டாக்கிய தனி ஊர் அது.

பாரடைஸ் என்றால் சொர்க்கம். சொர்க்கத்தில் ஒரு பக்கம் சூதாட்டம். மறு பக்கம் கல்லூரி!

இந்தக் கல்லூரி பிறந்த கதையை வந்து போகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. வந்து வாழ்கிறவர்கள் கேட்க வேண்டிய கதை அது.

வாசல் விளக்கு

1951-ம் ஆண்டு. லாஸ் வேகாசில் சூதாட்டத்துக்குச் சட்டப்படி அனுமதி கிடைத்து 20 வருடம் ஆகியிருந்தது. மாளிகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆனால், பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் மேலே படிக்க ஊரில் ஒரு கல்லூரி இல்லை. மாநிலத்தின் பல்கலைக்கழகம் வடக்கே, ரெனோ நகரில், 400 மைலுக்கு அப்பால் இருந்தது.

அந்த ஆண்டு ஓர் உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. எங்கே நடந்தன தெரியுமா? பள்ளியின் அரங்கத்தில் நடிகர்கள் வேஷம் போட்டுக்கொள்ளும் அறைகளில்!

சொந்தக் கட்டிடம் வேண்டும். பணத்துக்கு எங்கே போவது?

1955-ல் ஊரே நிதி திரட்டியது. "கொடுக்க மனம் உள்ளவர்கள் வாசல் விளக்கை எரியவிடுங்கள்" என்று அறிவித்தார்கள். விளக்கு எரிந்த வீடுகளில் போய்க் கதவைத் தட்டினார்கள். அதற்கு 'வாசல் விளக்கு இயக்கம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த முயற்சிக்கு முன்னே நின்றவர்களில் ஒருவர் மாட் பிரேசியர் அம்மையார். அவரும் வெளியூரிலிருந்து வந்தவர்தான். குளிர் மிகுந்த விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். 1906-ல் பள்ளி ஆசிரியையாக நெவாடாவுக்கு வந்தார். பிறகு லாஸ் வேகாஸ் பள்ளிகளுக்குத் தலைமை அதிகாரி ஆனார். சட்டசபைக்குப் போய்க் கல்லூரிக்காக வாதாடினார். 81-வது வயதில் மாநிலத்தின் துணை கவர்னராகவும் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

1957 செப்டம்பரில் முதல் கட்டிடம் திறக்கப்பட்டது. அம்மையாரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். ஒரே ஒரு கட்டிடம், சுற்றிலும் மணல். காற்றில் உருண்டு ஓடும் காய்ந்த முட்செடியின் பெயரை வைத்துக் கல்லூரியைக் கேலி செய்தார்கள். 1964-ல் முதல் பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்கியவர்கள் 29 பேர்.

இன்று அங்கே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள். ஆராய்ச்சி மிக அதிகமாக நடக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரிசையில் 2018-ல் அதற்கு இடம் கிடைத்தது.

சூதாட்டப் பணம் கொழித்த ஊரில், வீட்டுக்காரர்கள் வாசல் விளக்கை ஏற்றி வைத்துக் கட்டிய கல்லூரி அது!

முதல் பாடம் வெயில்

வகுப்பு தொடங்குவது ஆகஸ்டு கடைசியில். வெயில் அப்போதும் தணிந்திருக்காது.

ஜூலை மாதத்தில் சராசரிப் பகல் வெப்பமே சுமார் 104 டிகிரி. 2024 ஜூலை 7-ந்தேதி 120 டிகிரி அடித்தது. செல்சியஸ் கணக்கில் கிட்டத்தட்ட 49. அந்த ஊர் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை.

"வேலூர் வெயிலையே பார்த்தவன் நான்" என்று சொல்கிறவர்களும் இங்கே ஏமாந்து போவார்கள். காரணம், இது வேறு வெயில். காற்றில் ஈரமே கிடையாது. வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். சட்டை நனையாது. "வியர்க்கவில்லையே" என்று நினைத்துக்கொண்டு நடப்பார்கள். உடம்பில் உள்ள நீர் மட்டும் குறைந்துகொண்டே போகும். திடீரென்று தலை சுற்றும், கண் இருட்டும்.

பழகியவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருப்பதில்லை. கையில் தண்ணீர் இல்லாமல் பஸ் நிறுத்தத்துக்குக்கூடப் போக மாட்டார்கள். நடுப்பகலில் வெறுங்காலோடு வாசலுக்கு வர மாட்டார்கள். தார் ரோடு 150 டிகிரிக்கு மேல் சுடும்; சில விநாடிகளில் தோல் வெந்துவிடும். ரோட்டில் விழுந்து, எழ முடியாமல் தீக்காயம் பட்டவர்கள் ஒவ்வொரு கோடையிலும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

"பாலைவனம்தானே, குளிர் ஏது?" என்று நினைப்பதும் தவறு. ஜனவரி இரவில் குளிர் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஊருக்கு மேற்கே சார்ல்ஸ்டன் என்று ஒரு மலை. உயரம் 11 ஆயிரத்து 916 அடி. குளிர்காலத்தில் அதன் தலையில் பனி மூடியிருக்கும். எனவே, பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டைக்கும் இடம் வேண்டும்.

வாரத்துக்கு 20 மணி

மேல்படிப்புக்கு வரும் பலர் பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராக வேலை பார்க்கிறார்கள். இளநிலை மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும். அல்லது பேராசிரியரின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரம்.

அதற்குச் சம்பளம் உண்டு. படிப்புக் கட்டணத்தில் பெரும் பகுதியைத் தள்ளுபடியும் செய்வார்கள். ஆனால், முழுவதும் தள்ளுபடி என்று நினைத்துவிடக் கூடாது. சில கட்டணங்களை மாணவரே கட்ட வேண்டும். மருத்துவ இன்ஷூரன்சும் அவசியம். கடிதத்தை வரி விடாமல் படித்து, எது சேர்ந்தது, எது சேராதது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

"சூதாட்ட விடுதிகளில்தான் வேலை கொட்டிக்கிடக்கிறதே! இரவில் அங்கே வேலை பார்த்தால் என்ன?" என்று சிலருக்குத் தோன்றும்.

உள்ளூர் மாணவர்கள் பார்க்கலாம், பார்க்கவும் செய்கிறார்கள். இரவெல்லாம் ஓட்டலில் வேலை, காலையில் வகுப்பு என்று படித்தவர்கள் இந்த ஊரில் உண்டு. ஆனால், மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டவருக்கு அது ஆகாது. பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள்ளே வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அனுமதி இல்லாமல் வெளியே வேலை செய்தால் விசாவே பறிபோகும். நாலு காசுக்கு ஆசைப்பட்டு, ஐந்து வருடப் படிப்பை இழந்து திரும்ப வேண்டியதுதான்!

கோடையில் வரும் சோதனை

உதவியாளர் வேலை பல துறைகளில் வருடம் முழுவதும் இருப்பதில்லை. மே மாதம் வகுப்பு முடிந்ததும் சம்பளமும் நின்றுவிடும். மறுபடி வகுப்பு தொடங்கிய பிறகுதான் கிடைக்கும்.

அந்த இடைப்பட்ட மாதங்கள் எவை? ஜூன், ஜூலை, ஆகஸ்டு. ஏர் கண்டிஷன் இரவு பகலாக ஓடும் மாதங்கள். அதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருக்க முடியாது, உயிருக்கே ஆபத்து. எனவே, சம்பளம் இல்லாத மாதத்தில்தான் மின்சாரக் கட்டணம் உச்சிக்குப் போகிறது!

முதல் வருடம் இது தெரியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. தெரிந்தவர்கள் செப்டம்பரிலிருந்தே மாதா மாதம் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எறும்பு மழைக்காலத்துக்குச் சேர்க்கும். இங்கே மாணவர் வெயில் காலத்துக்குச் சேர்க்க வேண்டும்!

வீடு பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. மின்சாரம் வாடகையோடு சேர்ந்ததா? ஏர் கண்டிஷன் பழுதானால் எத்தனை நாளில் சரி செய்து தருவார்கள்? பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம்? அங்கே நிழல் உண்டா? இப்படிக் கேட்க வேண்டும்.

ஊர் கார்களுக்காகவே கட்டியது போல் விரிந்து கிடக்கிறது. ஆனாலும், வளாகத்தை ஒட்டி ஓடும் மேரிலாந்து பார்க்வே சாலைப் பக்கம் வீடு கிடைத்தால், பஸ்ஸை நம்பிக் கார் இல்லாமல் முதல் வருடத்தை ஓட்டிவிடலாம். பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்புவது மட்டும் வேண்டாம். அங்கே ஏற்கனவே படிக்கும் மாணவர்களைக் கேட்டு, பிறகு முடிவு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

38 அறைச் சக்கரம்

அம்மாக்கள் கவலைப்படும் விஷயம் சூதாட்டம்.

அந்தக் கவலை வீண் அல்ல. மாளிகைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று சொல்ல முடியாது. அரிசி, பால் வாங்கப் போகும் கடையிலும் யந்திரம் நிற்கும்! 21 வயது ஆனவர் யாரும் ஆடலாம். மேல்படிப்பு மாணவர்கள் பெரும்பாலும் அந்த வயதைத் தாண்டியவர்கள்.

ஆனால், கணக்குத் தெரிந்தவரை அந்த யந்திரம் ஏமாற்ற முடியாது. ரூலெட் சக்கரத்தையே பாருங்கள். அமெரிக்கச் சக்கரத்தில் 38 அறைகள் உண்டு. ஒரு எண்ணில் 1 டாலர் கட்டி அந்த எண் விழுந்தால், கட்டிய டாலரோடு சேர்த்து 36 டாலர் கையில் வரும். ஆகா என்று தோன்றும்.

38 தடவை கட்டினால் போவது 38 டாலர். சராசரியாக ஒரு தடவை ஜெயிக்கலாம். வருவது 36 டாலர். மீதி 2 டாலர்? விடுதிக்காரருக்கு!

இன்று ஒருவர் ஜெயிக்கலாம். நாளை இன்னொருவர் ஜெயிக்கலாம். ஆனால், ஆடிக்கொண்டே இருந்தால் அந்த 2 டாலர் போய்க்கொண்டே இருக்கும். அந்த 2 டாலர்கள் சேர்ந்துதான் அத்தனை மாளிகைகளும் எழும்பின.

இன்னொரு தொல்லையும் உண்டு. அது விருந்தாளித் தொல்லை! மாணவர் லாஸ் வேகாசில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். பள்ளித் தோழர், ஒன்றுவிட்ட அண்ணன், அண்ணனின் தோழர் என்று வாரக் கடைசியில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு அது விடுமுறை. மாணவருக்கோ திங்கட்கிழமை பரீட்சை! "வாருங்கள், படுக்க இடம் உண்டு, ஊர் சுற்ற மட்டும் நீங்களே போய் வாருங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

விளக்குகளுக்குப் பின்னால்

பட்டணத்தில் சுமார் 1½ லட்சம் ஓட்டல் அறைகள் இருக்கின்றன. யார் அவற்றைப் பெருக்குகிறார்கள்? யார் படுக்கை விரிக்கிறார்கள்? யார் பாத்திரம் கழுவுகிறார்கள்?

பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்! மெக்சிகோவிலிருந்து, பிலிப்பைன்சிலிருந்து, எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர். சமையல், அறை வேலை பார்ப்பவர்களின் தொழிற்சங்கத்தில் மட்டும் சுமார் 60 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நள்ளிரவில் வேலைக்குப் போய்க் காலையில் திரும்பும் தாயும், காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையும் வாசலில் சந்தித்துக்கொள்ளும் ஊர் இது.

அந்தப் பிள்ளைகள்தான் பிறகு பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் அவர்களில் ஏராளம். வெளியூரிலிருந்து வந்த மேல்படிப்பு மாணவர் பாடம் சொல்லித்தருவது அவர்களுக்குத்தான். முன் வரிசையில் ஒரு பையன் கண் செருகி உட்கார்ந்திருந்தால், அவன் சோம்பேறி என்று எண்ணிவிடக் கூடாது. இரவு முழுவதும் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு வந்திருப்பான்.

புல்வெளி என்று ஒரு பெயர்

லாஸ் வேகாஸ் என்பது ஸ்பானிஷ் மொழிப் பெயர். பொருள் என்ன? புல்வெளிகள்!

ஒரு காலத்தில் அங்கே ஊற்று இருந்தது. பையூட் என்ற பழங்குடியினர் அந்த ஊற்றை நம்பி வாழ்ந்தார்கள். 1905-ல் ரெயில்வேக்காரர்கள் மனைகளை ஏலம் போட்டு ஊரை உண்டாக்கியதும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். இறைத்து இறைத்து, 1962-ல் ஊற்று வறண்டே போயிற்று.

இப்போது ஊருக்கு வேண்டிய நீரில் 90 சதவிகிதம் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றில் 1930-களில் 726 அடி உயரத்துக்கு ஹூவர் அணையைக் கட்டினார்கள். அணையில் தேங்கும் மீட் ஏரிதான் பட்டணத்துக்குக் குடிநீர். ஆற்று நீருக்கு 7 மாநிலங்கள் பங்காளிகள். நெவாடாவின் பங்கு மிகக் குறைவு. 2022 ஜூலையில் ஏரி, நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப் பிறகு இல்லாத அளவுக்கு வற்றிவிட்டது.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. லாஸ் வேகாசில் பெய்வது சுமார் 100 மில்லி மீட்டர். அப்படியானால், அவ்வளவு பெரிய பட்டணம் எப்படிப் பிழைக்கிறது?

வீட்டுக்குள் செலவாகும் நீரை வீணாக்குவதில்லை. குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர் எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்கிறார்கள். ஏறக்குறைய முழுவதையும் மீண்டும் ஏரிக்கே அனுப்புகிறார்கள். அனுப்பிய அளவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால், புல்லுக்கு ஊற்றிய நீர் ஆவியாகிப் போய்விடும், திரும்பி வராது.

எனவே, வீட்டுப் புல்தரையைப் பிடுங்கினால் பணம் கொடுக்கிறார்கள்! அழகுக்காக மட்டும் சாலை ஓரங்களிலும் அலுவலகங்களிலும் வளர்க்கும் புல்லுக்கு, 2026-ம் ஆண்டு முடிந்த பிறகு ஆற்று நீர் பாய்ச்சக் கூடாது என்று 2021-ல் சட்டமும் போட்டார்கள்.

ஊரின் பெயர் புல்வெளி. அந்த ஊரில் புல்லுக்குத் தடை!

ஊரே புத்தகம்

மேல்படிப்பு மாணவருக்கு இந்த ஊரைவிட நல்ல புத்தகம் கிடைப்பது அரிது. தண்ணீரைப் பற்றி ஆராய வேண்டுமா? ஏரி பக்கத்தில். வெப்பத்தைப் பற்றியா? வாசலில். ஓட்டல் தொழிலா? அதற்கு 1967-லேயே இங்கே தனிக் கல்லூரி வந்துவிட்டது. சூதாட்டத்தால் வரும் கேட்டைப் பற்றியும், அதற்கான சட்டங்களைப் பற்றியும் ஆராய்கிறவர்களும் இதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள்.

1968-ல், கிழக்குக் கரையில் உள்ள ஏல் பல்கலைக்கழகத்திலிருந்து கட்டிடக் கலை மாணவர்களை அவர்களுடைய ஆசிரியர்கள் இங்கே அழைத்து வந்தார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்த விளம்பர விளக்குகளை அந்த மாணவர்கள் அளந்தார்கள், வரைந்தார்கள். அதிலிருந்து பிறந்து 1972-ல் வெளிவந்த நூலைக் கட்டிடக் கலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

விளக்கு அணைந்த நாட்கள்

2020 மார்ச் மாதம். கொரோனா நோய் பரவியது. சூதாட்ட விடுதிகள் அனைத்தையும் மூடினார்கள். ஜூன் 4-ந்தேதி வரை திறக்கவில்லை. ஸ்டிரிப் சாலை வெறிச்சோடியது. அந்த ஏப்ரலில், வேலை செய்யக்கூடியவர்களில் 100-க்கு 30 பேருக்கு மேல் வேலை இல்லை.

நெவாடாவில் தனி மனிதருக்கு மாநில வருமான வரி கிடையாது. கேட்க இனிக்கும். ஆனால், அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும் பங்கு விற்பனை வரியிலிருந்தும் சூதாட்ட வரியிலிருந்தும் வருகிறது. உல்லாசப் பயணி வராவிட்டால் அரசாங்கத்தின் கஜானா இளைக்கும். பல்கலைக்கழகத்துக்கு வரும் பணமும் இளைக்கும். ஆடுகளத்தின் பக்கமே போகாத மாணவரின் படிப்பும் அந்த ஆட்டத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் இருக்கிறது.

2023 டிசம்பர் 6-ந்தேதி வேறொரு துயரம் நேர்ந்தது. வளாகத்துக்குள் துப்பாக்கி ஏந்தி வந்தவன் 3 பேராசிரியர்களைச் சுட்டுக் கொன்றான். அமெரிக்காவில் எந்த ஊருக்குப் பிள்ளையை அனுப்பினாலும் பெற்றோர் மனத்தில் இந்தப் பயம் இருக்கிறது. வளாகத்தின் அவசரச் செய்தி தன் தொலைபேசிக்கு வருமாறு, வந்த முதல் நாளே மாணவர் பதிவு செய்துகொள்வது அவசியம்.

இரவு 10 மணி

லாஸ் வேகாசில் கோடையில் இரவு 10 மணி என்றால், தமிழ்நாட்டில் மறுநாள் காலை 10½ மணி. குளிர்காலத்தில் 11½ மணி. அந்த நேரத்தில்தான் பிள்ளை வீட்டுக்குப் பேசும். இங்கே அம்மா சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"என்னம்மா, அங்கே ஒரே கும்மாளமாமே?" என்று கேட்பார்.

பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இல்லை அம்மா. தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். மின்சாரக் கட்டணம் வந்திருக்கிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்."

பல்கலைக்கழக வளாகத்தில் 38 அடி உயரத்தில் ஒரு கருப்பு டார்ச் லைட் சிலை நிற்கிறது. 1981-ல் வைத்தது. ஊரில் உள்ள மற்ற விளக்குகள் எல்லாம் வானத்தைப் பார்த்து, "வா, வா" என்று கூப்பிடும். இந்த டார்ச் லைட் மட்டும் தலைகீழாக நின்று தரையைப் பார்க்கிறது.

படிக்க வந்தவர்கள் தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள். ஊரைப் பார்க்க வந்தவர்களில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அவர்களுக்கு நேரம் ஏது? மூன்றாம் நாள் விமானம் காத்திருக்கும்!